முத்து போச்சு, சங்கு இருக்கு, அவுரி கப்பலேறுது! - தூத்துக்குடியில் ஓர் அழகு உலா

சென்னை எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பி தூத்துக்குடிக்குப் போகும் ரயிலின் பெயர் முத்துநகர் எக்ஸ்பிரஸ். ஊரின் பட்டப்பெயரே முத்துநகர்தான். ஆனால், காலையில் இறங்கி 'முத்து எங்கே கிடைக்கும்?' என்று கேட்டால், ஆட்டோக்கார அண்ணன் நகைக்கடை பக்கம்தான் வண்டியைத் திருப்புவார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதும் ஹைதராபாத் வழியாகவோ, சீனாவிலிருந்தோ வந்த வளர்ப்பு முத்தாகத்தான் இருக்கும்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் போன். கொரிய 'கிளாஸ் ஸ்கின்', ஜப்பான் அரிசித் தண்ணீர் எல்லாம் ஒரு சுற்று ஓடி முடிந்து, இப்போது என் ரீல்ஸில் பிலிப்பைன்ஸ் பெண்களின் பாரம்பர்ய அழகுக் குறிப்புகள் வரிசைகட்டி வருகின்றன. தேங்காய் எண்ணெய் மசாஜ், மரப்பட்டையில் ஷாம்பு, பிரசவித்த பெண்ணுக்கு மூலிகை ஆவி, நடுநடுவே முத்துப்பொடி க்ரீம் விளம்பரம். இதில் எது நம் வீட்டில் இல்லை? முத்து, சங்கு, தென்னை, பனை, மூலிகை எல்லாம் ஒரே கரையில் கிடைக்கிற ஊர் நம்மிடமே இருக்கிறதே என்று யோசித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது தூத்துக்குடி.

முத்துப்பொடி நிஜமா?

தூத்துக்குடி முத்துக்கு வயது 2,000 வருடங்களுக்கு மேல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த பாண்டியர் துறைமுகம் கொற்கை. சங்கப் பாடல்களில் அதன் முத்தும் சங்கும் திரும்பத் திரும்ப வரும். முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கப் பயண நூலான 'பெரிப்ளூஸ்', கொற்கையில் முத்துக் குளிக்கக் குற்றவாளிகளை இறக்கினார்கள் என்கிறது. கழுத்தில் தொங்கும் ஒரு முத்துக்குப் பின்னால் தண்டனைக் கைதியின் மூச்சு இருந்திருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஆட்கள் படகில் போனதை எழுதிவைத்திருக்கிறார். அவர்களுக்கு முத்தில் பங்கும் உண்டு!

இன்று கொற்கைக்குப் போனால் கடல் தெரியாது. ஆறு கொண்டுவந்த மண் சேர்ந்து சேர்ந்து, கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே அமைதியான கிராமமாக இருக்கிறது.

கடலுக்குள்ளும் முத்து இல்லை. கரையிலிருந்து சில மைல் தள்ளி, கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். முத்துச்சிப்பிகள் ஒட்டி வளர்வது அங்கேதான். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சை அடக்கி, சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக்கொண்டு மேலே வருவார்கள். பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறினாலும் பரதவர்கள்தான் குளித்தார்கள். வருமானம் யார் ஆண்டார்களோ அவர்களுக்கு. சில வருடம் சிப்பி கொட்டும், பிறகு பல வருடம் ஒன்றுமே இருக்காது. அப்படி 1955-ல் தொடங்கி வருடாவருடம் நடந்த முத்துக்குளிப்பு 1961-ல் நின்றது. அதன்பிறகு இதுவரை நடக்கவில்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மைய விஞ்ஞானிகள், சிப்பிக்குள் சிறு மணியைவைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். இந்தியாவில் அது பெரிய சாதனை. ஆனாலும் ஊரே முத்து வளர்க்கும் தொழிலாக அது மாறவில்லை.

அப்படியானால், 'தூத்துக்குடி முத்துப்பொடி' என்று யாராவது விற்றால்? வாங்குவதற்கு முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முத்தில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், கூடவே கொஞ்சம் புரதம். சங்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். கிளிஞ்சலும் அதேதான், முட்டை ஓடும் அதேதான். நைஸாக அரைத்து முகத்தில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், கொஞ்சம் பளபளப்பாகத் தெரியும். கழுவினால் போய்விடும். தோலின் நிறத்தை மாற்றும் சங்கதி அதில் எதுவும் இல்லை. பார்லரில் 'பேர்ல் ஃபேஷியல்' செய்தால் முகம் பளிச்சென்று ஆவதில் முத்தைவிட, அரைமணி நேரம் செய்யும் மசாஜுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பம், சங்கு பற்பம், பலகறை பற்பம் எல்லாம் உண்டு. அவை புடம் போட்டு, வைத்தியர் அளவு சொல்லிக் கொடுக்கும் உள்மருந்துகள். யூடியூப் பார்த்து சாப்பிடும் சமாசாரம் இல்லை.

சங்கு: பரு முதல் பச்சைக்குழந்தை வரை

முத்துபோல சங்கு காணாமல் போகவில்லை. திரேஸ்புரம் பக்கம் போனால் சங்குகுளி தொழிலாளர்களைப் பார்க்கலாம். மன்னார் வளைகுடா சங்குகளில் பெரும்பகுதி, பல நூறு வருடங்களாக வங்காளத்துக்குத்தான் போகிறது. அங்கே கல்யாணமான பெண்கள் கையில் போடும் வெள்ளை வளையல், 'சாகா', சங்கை அறுத்துச் செய்வது. கொல்கத்தாவில் ஒரு பெண் கழற்றாமல் போட்டிருக்கும் வளையல், தூத்துக்குடிக்காரர் ஒருவர் கடலடியில் தடவி எடுத்ததாக இருக்கலாம்.

முன்பு மூச்சை அடக்கிக் குளித்தார்கள். இப்போது பலர் படகில் கம்ப்ரஸரை ஓடவிட்டு, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். நிறைய நேரம் அடியில் இருக்கலாம், நிறைய சங்கு எடுக்கலாம். ஆனால், ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உருவாகி மூட்டு வலி, பக்கவாதம், சில நேரம் மரணம்வரை போகும். ஸ்கூபா பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். இவர்களில் பலருக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. அழகுப் பொருள்களைப் பற்றி எழுதும்போது பொதுவாக இந்த வரி விடுபட்டுப் போகும் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்து வீடுகளில் சங்குக்கு இரண்டு வேலை. ஒன்று, முகப்பரு. உரைகல்லில் கொஞ்சம் தண்ணீரோ பன்னீரோ விட்டு சங்கை உரைத்து, அந்த வெள்ளை விழுதைப் பரு மேல் மட்டும் வைப்பார்கள். காய்ந்ததும் எண்ணெய்ப் பசையை இழுத்துக்கொள்ளும். செலவில்லாத வைத்தியம். ஆனால், சீழ் கோத்த பெரிய பருக்கள், தழும்பு விழும் பருக்களுக்கு இது போதாது, தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்று, குழந்தைக்குப் பால் புகட்டுவது. சின்ன சங்கின் நுனியைக் குழந்தையின் உதட்டில் வைத்து, துளித்துளியாக விடுவார்கள். பிறகு அதே வடிவத்தில் வெள்ளியிலும் எவர்சில்வரிலும் வந்தது. பொருள் மாறினாலும் பெயர் 'சங்கு'தான். பாலாடை என்றும் சொல்வார்கள். எனக்கு ஆச்சர்யமாக இருந்த விஷயம், இந்தப் பாலாடைக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்த இடம். குறைமாதத்தில் பிறந்து, உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் புகட்ட, இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பாலாடையைப் பயன்படுத்துகிறார்கள். ஃபீடிங் பாட்டிலைவிட இதைக் கழுவிக் கொதிக்கவைப்பது சுலபம். ஆங்கில மருத்துவக் கட்டுரைகளில்கூட 'பாலாடை' என்றே எழுதுகிறார்கள்.

அதே சங்கில் வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் உரைத்து ஊற்றும் 'உரை மருந்து' பழக்கமும் இந்தப் பக்கம் உண்டு. இங்கேதான் பாட்டிகளோடு குழந்தை மருத்துவர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்வது. சங்கை வைத்துக்கொள்ளலாம், அதற்குள் ஊற்றுவதைத்தான் மாற்ற வேண்டும்.

கடற்கரையில் சங்கு, சிப்பி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பவளப்பாறைத் துண்டுகள், கடல் குதிரை, கடல் அட்டை மூன்றும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 'தோல் மினுமினுக்கும்', 'ஆண்மைக்கு நல்லது' என்று யாராவது காதோரம் சொல்லி விற்றால், நடையைக் கட்டுங்கள். வாங்குவதும் குற்றம்தான்.

மணிலாவிலிருந்து வந்த மாதா

பிலிப்பைன்ஸ் என்று ஆரம்பித்தேன் இல்லையா? தூத்துக்குடிக்கும் அந்த நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு கடற்கரைச் சாலைப் பக்கமே நிற்கிறது. பனிமய மாதா பேராலயம். உள்ளே இருக்கும் மாதா சொரூபம், 1555-ல் மணிலாவிலிருந்து 'சந்த ஹெலேனா' என்ற கப்பலில் வந்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் திருவிழா. சாதி மத வித்தியாசம் இல்லாமல் ஊரே திரளும். பல வருட இடைவெளியில் தங்கத்தேர் ஓடும்போது கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

மணிலா நம் பேச்சில் வேறு இடங்களிலும் ஒட்டியிருக்கிறது. வடமாவட்டங்களில் வேர்க்கடலை 'மணிலாக்கொட்டை'. துறைமுகத்தில் கப்பல் கட்டும் கயிறு 'மணிலா கயிறு'. நாம் பள்ளி வாசலில் வாங்கித் தின்ற கொடுக்காப்புளிக்கு ஆங்கிலத்தில் 'மணிலா டாமரிண்ட்'.

ரீல்ஸில் பார்த்த பிலிப்பைன்ஸ் வழக்கங்களை இங்கே இருந்து பார்த்தால் எல்லாமே சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கின்றன. அங்கே 'ஹிலோட்' என்ற பாரம்பர்ய மசாஜில் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். சூடாக்கிய வாழையிலையை உடம்பில் நகர்த்தி, எங்கே பிடிப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். தலைக்கு 'கூகோ' என்ற பெருங்கொடியின் பட்டை. தட்டித் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரைக்கும். நம் சீயக்காயில் நுரை வருவதும் அதே வகைப் பொருளால்தான், சபோனின். பிரசவித்த பெண்ணை மூலிகை ஆவியில் உட்காரவைப்பது 'சுவோப்'. நம் ஊரில் வேது பிடிப்பது. ஒரே மாதிரி வெயில், ஒரே மாதிரி தென்னை, ஒரே மாதிரி பிசுபிசுப்பான கடல் காற்று. யாரும் யாரிடமும் காப்பியடித்திருக்கத் தேவையே இல்லை.

பிலிப்பைன்ஸிலிருந்து நிஜமாகவே வந்து இறங்கிய ஒன்று கடலுக்குள் இருக்கிறது. 'கப்பாஃபைகஸ்' என்ற பாசி. இதிலிருந்து எடுக்கும் 'கராஜீனன்' என்ற பொருள்தான் லோஷனும் பற்பசையும் நீர்த்துப்போகாமல் கெட்டியாக நிற்க உதவுகிறது. 1990-களில் மண்டபத்தில் சோதனைக்காக வளர்த்து, 2000-க்குப் பிறகு ராமநாதபுரம், தூத்துக்குடி கடலோரங்களில் வணிகமாக வளர்க்க ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் இதில் இறங்கிய நிறுவனத்தின் பெயரால் 'பெப்சி பாசி' என்றே மீனவப் பெண்கள் மத்தியில் பெயராகிவிட்டது. மூங்கில் மிதவையில் பாசி கட்டிச் சம்பாதித்த பெண்கள் நிறைய. இன்னொரு பக்கம், மண்டபத்துக்கு அருகே குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளப்பாறைகள்மீது படர்ந்து மூடியதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அதனால் இந்தப் பாசி வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நம் பாத்ரூம் அலமாரியில் இருக்கும் ட்யூபுக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தம் உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தி.

ஒரே குடும்பத்து மூன்று செடிகள்

பிலிப்பைன்ஸ்காரர்களிடம் எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம். பாட்டி வைத்தியம் அத்தனையும் உசத்தி என்று அவர்கள் விட்டுவிடவில்லை. 1992-ல் அவர்களின் சுகாதாரத் துறை 10 மூலிகைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இதற்கு இது பயன்படும் என்று அறிவித்தது. 1997-ல் பாரம்பர்ய மருத்துவத்துக்குத் தனிச் சட்டமும் வந்தது. அந்தப் பத்தில் ஒன்று 'அகபுல்கோ'. படர்தாமரை, தேமல் மாதிரியான பூஞ்சைத் தொற்றுக்கு. மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்கு ஸ்பானியக் கப்பல்கள் ஓடிய காலத்தின் பெயர் அது. அதே செடி நம்மிடமும் உண்டு. சீமை அகத்தி! வண்டுகொல்லி என்றும் பெயர். சித்த மருந்துக் கடைகளில் சீமை அகத்திக் களிம்பு கிடைக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி என்பதை அவர்கள் துறைமுகப் பெயரிலும், நாம் 'சீமை' என்ற சொல்லிலும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

இந்தச் சீமை அகத்தியின் உறவுக்காரர் ஆவாரை. தூத்துக்குடியிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் ஓரத்தில் மஞ்சளாகப் பூத்திருக்கும். பூவைக் காயவைத்து, பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சளோடு அரைத்தால் குளியல் பொடி.

மூன்றாவது உறவுக்காரர்தான் இந்த ஊரின் நிஜமான ஏற்றுமதி நட்சத்திரம். சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் விவசாயிகள் 'அவுரி' என்பார்கள். நிலாவரை என்பதும் இதுதான். உலகச் சந்தையில் இதன் பெயர் 'டின்னவேலி சென்னா', அதாவது திருநெல்வேலிச் சென்னா. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆனால், ஐரோப்பிய மருந்து நூல்களில் செடி இன்னும் திருநெல்வேலிக்காரராகவே இருக்கிறது!

தண்ணீர் அதிகம் கேட்காது. மழையை நம்பிய மானாவாரி நிலத்திலும் வரும். விதைத்து இரண்டு, மூன்று மாதத்தில் இலை பறிக்கத் தொடங்கலாம். பறித்த இலையை நிழலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் பச்சை போய்விடும், விலையும் போய்விடும். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் இதற்கென்றே 'கே.கே.எம்.1' என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறார்கள். காய்ந்த இலையும் காயும் தரம் பிரித்து, மூட்டையாக அழுத்திக் கட்டி, வ.உ.சிதம்பரனார் துறைமுகம் வழியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று போகின்றன. இதில் இருக்கும் 'சென்னோசைடு' மலச்சிக்கலுக்கான மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. முத்து உலகுக்குக் கொடுத்த அலங்காரத்தைவிட, இந்த இலை கொடுத்த நிம்மதி அதிகம் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

முதல் குழப்பம் பெயரில். தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் தரும் நீலிச் செடிக்கும் 'அவுரி' என்றுதான் பெயர். மருதாணி போட்ட பிறகு, நரையை மறைக்கப் போடும் அவுரிப் பொடி அந்த நீலி. நிலாவரை இலையை அரைத்துப் போட்டால் முடி கறுக்காது. வெளிநாட்டில் இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்றின் இலையை 'நியூட்ரல் ஹென்னா' என்று நிறமேற்றாத ஹேர் பேக்காகத்தான் விற்கிறார்கள். ஆகவே நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே 'அவுரிப் பொடி' என்று கேட்காதீர்கள். 'தலைக்குச் சாயம் போடும் நீலி அவுரி' என்று சொல்லிக் கேளுங்கள். தலைக்கு என்று வாங்கியதைக் கஷாயம் வைத்துக் குடிக்கும் விபரீதம் நடக்காமல் இருக்கவும் இது உதவும்.

இரண்டாவது சங்கதிதான் பெரியது. நாம் கப்பலில் ஏற்றி அனுப்பும் இதே இலைதான், 'டீடாக்ஸ் டீ', 'ஸ்லிம்மிங் டீ', '14 நாள் ஃப்ளாட் டம்மி டீ' என்ற பெயர்களில் விற்கும் பல பாக்கெட்டுகளுக்குள் இருக்கிறது. குடித்த இரவு ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரத்தில் வயிற்றைக் கலக்கும். காலையில் எடை பார்த்தால் அரைக் கிலோ, ஒரு கிலோ குறைந்திருக்கும். குறைந்தது கொழுப்பு அல்ல, தண்ணீர். சாப்பாட்டிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் சிறுகுடலிலேயே முடிந்துவிடும். சென்னா வேலை செய்வது அதற்கடுத்த பெருங்குடலில். சாப்பிட்ட பிரியாணியின் கலோரி எல்லாம் ஏற்கெனவே உள்ளே போயாயிற்று!

தினமும் குடித்தால் உடம்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். சோர்வு, தசைப்பிடிப்பு, சிலருக்கு இதயத் துடிப்பிலேயே கோளாறு. ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் வழிகாட்டுதல், சென்னாவை ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம், 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம் என்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இதயம் அல்லது சிறுநீரகத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இந்த டீயின் விளம்பரங்கள் குறிவைப்பதோ பெரும்பாலும் கல்லூரி வயதுப் பெண்களை. மலச்சிக்கலே இல்லாதவர்கள் மலச்சிக்கல் மருந்தை மாதக்கணக்கில் குடிக்கிறார்கள்.

சாத்தான்குளம் பக்கத்தில் தோழி வீட்டு ஆச்சியிடம் போனில் அந்த விளம்பரத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விலையைப் பார்த்தவர், "ஏட்டி, வயித்தால போறதுக்கா இம்புட்டு ரூவா? நம்ம வெளையில வந்து பறிச்சுக்கச் சொல்லு" என்றார். "நீங்க குடிப்பீங்களா ஆச்சி?" என்று கேட்டதற்கு, "மாசத்துக்கு ஒருக்கா உங்க தாத்தாவுக்குக் குடுப்பேன். தெனமும் குடிச்சா மனுசன் எந்திரிப்பானா?" என்று பதில். ஐரோப்பிய வழிகாட்டுதலை ஆச்சி படித்திருக்க வாய்ப்பில்லை.

களி கிண்டின கை

அதே வீட்டில் அன்று எனக்குக் கிடைத்தது உளுந்தங்களி. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும், பிரசவத்துக்குப் பிறகும் கட்டாயம் கிண்டிக் கொடுப்பது. கறுப்பு உளுந்து மாவு, கருப்பட்டிப் பாகு, கை நிறைய நல்லெண்ணெய். ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிண்ட வேண்டும். தோள்பட்டை விட்டுப்போகும். கருப்பட்டி உடன்குடியிலிருந்து. செம்மண் தேரிக்காட்டில் நிற்கும் பனைகளின் பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பது. உளுந்தில் புரதம் நன்றாகவே இருக்கிறது. ரத்தசோகை இருக்கும் பெண்ணுக்குக் களி மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். ஆனால், பதின்வயதுப் பெண்ணுக்கு 'நல்லா சாப்பிடு' என்று சொல்லி ஆரம்பிக்கும் ஓர் அழகுக் குறிப்பு, 'வயிற்றைக் காலி செய்' என்று சொல்லும் டீயைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பும் வழியில் உப்பளங்கள். ஸ்பாக்களில் 'சீ சால்ட் ஸ்க்ரப்' என்று வசூலிக்கும் அதே உப்பு. இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு, தமிழ்நாட்டில் தூத்துக்குடிதான் முதலிடம். பாத்தியில் நின்று உப்பு வாரும் பெண்களுக்கு உப்புநீரில் பாதம் வெடிக்கிறது, வெள்ளைத் தரையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூசிப் பார்வை மங்குகிறது. கறுப்புக் கண்ணாடியும் பூட்ஸும் அவர்களுக்கு அழகு சாதனம் இல்லை, அடிப்படைத் தேவை.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் பிப்ரவரிவரை வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும். மாதா பேராலயம், ரோச் பூங்கா, முயல் தீவு மூன்றையும் ஒரு நாளில் பார்த்துவிடலாம். கொற்கைக்கும் உடன்குடிக்கும் தனியாக ஒரு நாள் வேண்டும். கருப்பட்டி வாங்கும்போது ஒரு சில்லு உடைத்து வாயில் போட்டுப் பாருங்கள். வெறும் சீனி இனிப்பு மட்டும் தெரிந்தால் வேண்டாம், லேசான புகை வாசமும் உப்புக்கரிப்பும் இருந்தால் எடுங்கள். மக்ரூன் வாங்காமல் ஊர் எல்லையைத் தாண்டினால் வீட்டில் விட மாட்டார்கள்.

இப்போது வீட்டில் ஏதாவது 'ஹெர்பல் டீ' பாக்கெட் இருந்தால் எடுத்து, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். சென்னா, சனாய், சோனாமுகி, சனா மக்கி, காசியா அங்குஸ்டிஃபோலியா. இதில் எந்தப் பெயர் இருந்தாலும் அது சாத்தான்குளத்து அவுரிதான்.